உயிர்ப்பயம் இருந்த இடத்தில் மட்டும் அளந்த வாயு

உலகத்தின் நிலக்கரிச் சுரங்கங்களிலிருந்து ஆண்டுக்கு எவ்வளவு மீத்தேன் வெளியேறுகிறது? சர்வதேச எரிசக்தி முகமை சுமார் 4 கோடி டன் என்கிறது. குளோபல் எனர்ஜி மானிட்டர் என்ற ஆய்வு அமைப்பு 2022-இல் சுரங்கம் சுரங்கமாகக் கணக்குப் போட்டுப் பார்த்து 5.2 கோடி டன் என்று சொன்னது. இரண்டுக்கும் நடுவே 1.2 கோடி டன் இடைவெளி. மீத்தேன் காற்றில் ஏறத்தாழ 12 ஆண்டுகள்தான் தங்கும். ஆனால் தங்கும் வரை கடுமையாகச் சூடேற்றும். 20 ஆண்டுக் கணக்கில் பார்த்தால் ஒரு டன் மீத்தேன் 80 டன்னுக்கு மேற்பட்ட கரியமில வாயுவுக்குச் சமம், 100 ஆண்டுக் கணக்கில் சுமார் 30 டன்னுக்குச் சமம். ஆக, இந்த இரண்டு மதிப்பீடுகளுக்கும் உள்ள வித்தியாசமே 20 ஆண்டுக் கணக்கில் கிட்டத்தட்ட 100 கோடி டன் கரியமில வாயு. ஜப்பான் என்ற நாடே ஓராண்டில் வெளியிடுவது ஏறக்குறைய அவ்வளவுதான்.

இரண்டு தரப்பும் நேர்மையாக வேலை செய்தவர்கள்தான். யாரும் எண்ணைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. அப்படியானால் இவ்வளவு பெரிய இடைவெளி எங்கிருந்து வருகிறது என்பதைத்தான் இங்கே எழுதப் போகிறேன். என் எண்ணம் இதுதான்: இந்த வாயு ஆளைக் கொல்லும் இடங்களில் நாம் அதை நூறு ஆண்டுக்கு மேலாக அளந்து வருகிறோம். உடனே ஆளைக் கொல்லாத இடங்களில் அளக்கவே இல்லை, ஊகித்திருக்கிறோம். உலகக் கணக்கு இந்த இரண்டையும் ஒன்றாகக் கூட்டி வைத்திருக்கிறது.

தமிழ்நாட்டில் மீத்தேன் என்றதும் மன்னார்குடியும் நம்மாழ்வாரும்தான் நினைவுக்கு வருவார்கள். அங்கே பிரச்சினை வேறு. நிலத்துக்கு அடியில் பழுப்பு நிலக்கரியோடு இருக்கும் வாயுவை விற்பனைக்காக உறிஞ்சி எடுக்கப் போகிறோம் என்றார்கள், விவசாயிகள் எதிர்த்தார்கள். நான் சொல்ல வருவது யாரும் கேட்காமலே வெளியே வரும் வாயுவைப் பற்றி. நிலக்கரி வேண்டும் என்று தோண்டுகிறோம், அது கூடவே வந்துவிடுகிறது.

தாவரங்கள் புதைந்து, அழுத்தத்திலும் சூட்டிலும் நிலக்கரியாக மாறும்போது மீத்தேன் உண்டாகிறது. நிலக்கரிக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் கோடிக்கணக்கில் உண்டு. அவற்றின் சுவர்களில் வாயு ஒட்டிக்கொண்டிருக்கும். மேலே இருக்கும் பாறையின் பாரமும் நீரின் அழுத்தமும் அதைப் பிடித்து வைத்திருக்கின்றன. பொதுவாக ஆழம் கூடக் கூட வாயுவும் கூடும். வெட்டினால் அழுத்தம் குறையும், வாயு கிளம்பிவிடும். வெட்டிய நிலக்கரியிலிருந்து மட்டும் வருவதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். மேலும் கீழும் உள்ள வெட்டாத அடுக்குகளிலும் விரிசல் விழுந்து அவற்றின் வாயுவும் வந்து சேரும். அதனால் ஒரு டன் நிலக்கரி வெட்டினால், அந்த ஒரு டன்னுக்குள் இருந்ததைவிட அதிக வாயு வெளியே வருவது நிலத்தடிச் சுரங்கங்களில் சாதாரணம். ஆய்வுக்கூடத்தில் நிலக்கரித் துண்டை வைத்து எடுத்த எண்ணை அப்படியே உற்பத்தியால் பெருக்க முடியாது என்பதற்கு இதுவே முதல் காரணம்.

சுரங்கப் பொறியியல் படிக்கும்போது பயிற்சிக்காக என்னை ஜார்க்கண்டின் ஜரியா பகுதிக்கு அனுப்பினார்கள். நிலத்தடிச் சுரங்கத்தில் ஒரு வயதான ஓவர்மேன் (சுரங்க மேற்பார்வையாளர்) எனக்குப் பாதுகாப்பு விளக்கை வைத்து வாயு பார்க்கக் கற்றுக்கொடுத்தார். மின்னணுக் கருவி அவர் இடுப்பிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. இருந்தாலும் விளக்கைக் கற்காமல் விடமாட்டார். திரியை மெல்ல மெல்ல இறக்கச் சொன்னார். மஞ்சள் சுடர் சுருங்கிச் சுருங்கி ஒரு பொட்டு மாதிரி ஆனதும், அதற்கு மேலே மங்கலாக ஒரு நீலக் கூம்பு தெரிந்தது. காற்றில் இருக்கும் மீத்தேன்தான் அப்படி எரிகிறது. கூம்பின் உயரத்தைப் பார்த்து எத்தனை சதவீதம் என்று சொல்ல வேண்டும். கூரையோரம் விளக்கை ஏந்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு அவர் பார்த்த விதம் இன்னும் கண்ணில் நிற்கிறது. காற்றில் 5 முதல் 15 சதவீதம் வரை மீத்தேன் இருந்தால் ஒரு பொறி போதும், வெடித்துவிடும். அதனால்தான் நம் நாட்டு விதிகளில் ஒரு பகுதியிலிருந்து திரும்பி வரும் காற்றில் 0.75 சதவீதம், வேலை நடக்கும் வேறெந்த இடத்திலும் 1.25 சதவீதம் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். அதற்கு மேல் போனால் மின்சாரத்தை வெட்ட வேண்டும்.

அதே பயிற்சியில் திறந்தவெளிச் சுரங்கத்துக்கும் போனோம். ராட்சத ஷவலும் டம்பர் லாரிகளும், படிப்படியாக இறங்கும் பெஞ்சுகளும், தூசியும். அங்கே அதிகாரியாக இருந்தவர் விருத்தாசலம் பக்கத்துக்காரர், தமிழ் பேச ஆள் கிடைத்த சந்தோஷத்தில் எல்லாவற்றையும் சுற்றிக் காட்டினார். "இங்க கேஸ் அளக்க மாட்டீங்களா சார்?" என்று கேட்டேன். "இங்க எதுக்கு தம்பி? திறந்த வெளிதானே, காத்து அடிச்சிட்டுப் போயிடுது" என்றார். அவர் சொன்னது பாதுகாப்புக் கோணத்தில் முழுக்கச் சரி. அந்தப் பதில் ஒரு சுரங்கத்தோடு நிற்காமல் உலகம் முழுவதற்குமான பதிலாக இருந்தது என்பதுதான் பிரச்சினை.

நிலத்தடிச் சுரங்கத்தில் கணக்கு எப்படி வருகிறது என்று பார்ப்போம். உள்ளே போகும் காற்றெல்லாம் ஒன்றிரண்டு ஷாஃப்ட் (மேலே போகும் செங்குத்துக் குழி) வழியாகத்தான் வெளியே வர வேண்டும். அங்கே பெரிய ஃபேன் ஓடுகிறது. வினாடிக்கு எத்தனை கன மீட்டர் காற்று வருகிறது, அதில் எத்தனை சதவீதம் மீத்தேன், இந்த இரண்டும் தெரிந்தால் போதும். உதாரணத்துக்கு வினாடிக்கு 200 கன மீட்டர் காற்று, அதில் 0.5 சதவீதம் மீத்தேன் என்று வைத்துக்கொள்வோம். வினாடிக்கு 1 கன மீட்டர் மீத்தேன். எடையில் 0.67 கிலோ. ஒரு நாளைக்கு 58 டன், ஓராண்டில் 21,000 டன். பார்க்க எளிதாக இருக்கிறது. ஆனால் கருவி 0.5 சதவீதத்துக்குப் பதில் 0.4 என்று காட்டினால்? வெடிவிபத்துத் தடுப்புக்கு அந்த 0.1 ஒரு பொருட்டே இல்லை, இரண்டுமே பாதுகாப்பான அளவுதான். உமிழ்வுக் கணக்கிலோ ஐந்தில் ஒரு பங்கு காணாமல் போய்விடும். பாதுகாப்புக்காகப் பொருத்திய கருவியை வைத்துப் பருவநிலைக் கணக்குப் போடும்போது இந்தச் சிக்கல் கூடவே வரும். ஆனாலும், அளவீடு என்று ஒன்று இருக்கிறது. பிழை எவ்வளவு என்றாவது சொல்ல முடிகிறது.

இந்த அளவீடுகள் எல்லாம் பிணங்களுக்குப் பின்னால் வந்தவை. அமெரிக்காவில் 1968 நவம்பரில் மேற்கு வெர்ஜீனியாவின் ஃபார்மிங்டன் சுரங்கம் வெடித்து 78 பேர் இறந்தார்கள். அடுத்த ஆண்டே சுரங்கப் பாதுகாப்புக்கு ஒரு கடுமையான சட்டம் வந்தது. ஆய்வாளர்கள் காலாண்டுதோறும் நிலத்தடிச் சுரங்கங்களுக்குள் இறங்கி, காற்றைக் குப்பியில் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்புகிறார்கள். இன்றைக்கு அமெரிக்காவின் நிலத்தடிச் சுரங்க மீத்தேன் கணக்கு பெருமளவு அந்தக் குப்பிகளின் மேல்தான் நிற்கிறது. போலந்தின் சைலீசியாவிலும் இதே கதைதான். அங்கே ஆழமான, வாயு மிகுந்த நிலத்தடிச் சுரங்கங்கள், ஷாஃப்ட்டுகளில் நிரந்தரக் கண்காணிப்பு. 2018-இல் ஐரோப்பிய ஆய்வாளர்கள் கட்டோவிட்சேயைச் சுற்றி விமானங்களைப் பறக்கவிட்டு மேலிருந்து அளந்தார்கள். கிடைத்த விடை, சுரங்கங்கள் கொடுத்திருந்த கணக்கோடு பெரிய அளவில் ஒத்துப்போனது. மேலிருந்து அளப்பதும் கீழிருந்து கூட்டுவதும் இப்படிச் சந்திக்கும் இடங்கள் நிலக்கரி விஷயத்தில் மிகக் குறைவு.

சரி, திறந்தவெளிக்கு வருவோம். ஷாஃப்ட் இல்லை, ஃபேன் இல்லை. பல சதுர கிலோமீட்டருக்கு விரிந்த ஒரு பள்ளம். வாயு வெட்டுமுகத்திலிருந்து கசியும், தரையிலிருந்து கசியும், குவித்து வைத்த நிலக்கரியிலிருந்தும் கசியும். இதை அளக்காமல் தப்பிக்க ஒரு வழி இருக்கிறது: உமிழ்வுக் காரணி. ஒரு டன்னுக்கு இத்தனை கன மீட்டர் என்று ஓர் எண்ணை எடுத்து, உற்பத்தியால் பெருக்கிவிடுவது. ஐ.நா.வின் பருவநிலைக் குழு 2006-இல் வெளியிட்ட வழிகாட்டியில் திறந்தவெளிச் சுரங்கத்துக்கு டன்னுக்கு 0.3 கன மீட்டர் குறைந்தபட்சம், 1.2 சராசரி, 2.0 அதிகபட்சம் என்று போட்டிருக்கிறார்கள். நிலத்தடிக்கு 10, 18, 25. சொந்த அளவீடு இல்லாத நாடுகள் இதைப் பயன்படுத்தலாம் என்பதுதான் ஏற்பாடு. ஆண்டுக்கு 1 கோடி டன் எடுக்கும் திறந்தவெளிச் சுரங்கத்துக்கு இந்தக் காரணிகளைப் போட்டால் 2,010 டன்னிலிருந்து 13,400 டன் வரை வரும். கிட்டத்தட்ட ஏழு மடங்கு வித்தியாசம், அதுவும் வழிகாட்டிக்குள்ளேயே. வழிகாட்டியை எழுதியவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அவர்களிடம் இருந்த தரவு அவ்வளவுதான்.

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் போவன் படுகை என்றொரு பகுதி இருக்கிறது. உலகத்தின் எஃகு ஆலைகளுக்குக் கடல் வழியாகப் போகும் நிலக்கரியில் ஒரு பெரிய பங்கு அங்கிருந்துதான் கப்பலேறுகிறது. ஐரோப்பாவின் சென்டினல்-5பி செயற்கைக்கோள் 2017 அக்டோபரில் விண்ணுக்குப் போனது. அதில் இருக்கும் ட்ரோபோமி கருவி தினமும் உலகம் முழுவதையும் பார்க்கிறது. சூரிய ஒளி தரையில் பட்டுத் திரும்பும்போது குறிப்பிட்ட அகச்சிவப்பு அலைநீளங்களை மீத்தேன் விழுங்கிவிடும். எவ்வளவு விழுங்கப்பட்டது என்பதிலிருந்து காற்றில் எவ்வளவு மீத்தேன் என்று கணக்கிடலாம். பங்கஜ் சதாவர்த்தே தலைமையில் நெதர்லாந்தின் விண்வெளி ஆய்வு நிறுவனத்தினர் 2018, 2019 ஆண்டுகளின் தரவை எடுத்து போவன் படுகையில் ஆறு சுரங்கங்களைப் பார்த்தார்கள். ஆறும் சேர்ந்து ஆண்டுக்கு சுமார் 5.7 லட்சம் டன் மீத்தேன் வெளியிடுகின்றன என்று வந்தது. ஆஸ்திரேலியாவின் நிலக்கரி உற்பத்தியில் இந்த ஆறின் பங்கு 7 சதவீதம்தான். ஆனால் அந்த நாடு தன் சுரங்கங்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்துக் காட்டிய மீத்தேனில் பாதிக்கு மேற்பட்ட அளவுக்கு இது சமம்.

அந்த 5.7 லட்சத்தில் 40 சதவீதம் ஒரே ஒரு சுரங்கத்தினுடையது, ஹெயில் கிரீக். அது திறந்தவெளிச் சுரங்கம். சுமார் 2.3 லட்சம் டன். வழிகாட்டியின் அதிகபட்சக் காரணியைப் போட்டே பார்த்தாலும் இவ்வளவு மீத்தேன் வர அந்தச் சுரங்கம் ஆண்டுக்கு 17 கோடி டன் நிலக்கரி எடுக்க வேண்டும். அந்த அளவுக்கு எடுக்கும் சுரங்கம் குயின்ஸ்லாந்தில் எங்குமே கிடையாது. இதைப் படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சந்தேகப்பட்டவர்களும் உண்டு, சந்தேகப்பட இடமும் உண்டு. ட்ரோபோமியின் ஒரு கட்டம் ஏழு கிலோமீட்டர் நீளம். பக்கத்துச் சுரங்கத்தின் வாயுவும் அதில் கலந்துவிடலாம். அதனால் 2023 செப்டம்பரில் ஆய்வாளர்கள் இரண்டு விதமான கருவிகளோடு விமானத்தில் ஹெயில் கிரீக்குக்கு மேலேயே பறந்தார்கள். 2025-இல் வெளியான முடிவு, சுரங்கம் அறிக்கை செய்த சராசரியைவிட உமிழ்வு 3 முதல் 8 மடங்கு அதிகம் என்றது. பெரிய திறந்தவெளிச் சுரங்கங்கள் மாநிலத்துக்கு ஒரே காரணியைப் பயன்படுத்தும் முறையைக் கைவிட வேண்டும் என்று ஆஸ்திரேலிய அரசும் முடிவெடுத்துவிட்டது.

செயற்கைக்கோளை வைத்தே எல்லாவற்றையும் தீர்த்துவிடலாம் என்று இப்போது பலர் எழுதுகிறார்கள். அதில் எனக்கு உடன்பாடு இல்லை. செயற்கைக்கோள் பார்ப்பது காற்றில் அந்த நொடியில் எவ்வளவு வாயு நிற்கிறது என்பதை மட்டும்தான். மணிக்கு எத்தனை டன் வெளியேறுகிறது என்று சொல்லக் காற்றின் வேகம் தெரிய வேண்டும். அதே அளவு வாயு மெல்லிய காற்றில் நின்றால் கசிவு சிறியது, பலத்த காற்றில் நின்றால் கசிவு பெரியது. பெரும்பாலும் அந்தக் காற்று வேகம் வானிலை மாதிரியிலிருந்து வருகிறது, சுரங்கத்தின் ஓரத்தில் நட்ட கருவியிலிருந்து அல்ல. மேகம் இருந்தால் தெரியாது. இரவில் தெரியாது. 2022 ஜனவரி 14 அன்று கனடாவின் ஜிஎச்ஜிசாட் நிறுவனம் சைபீரியாவில் ராஸ்பாட்ஸ்காயா சுரங்கத்தின் மேல் 13 வாயுப் படலங்களைப் பார்த்தது. மொத்தம் மணிக்கு ஏறக்குறைய 87 டன். அதே வேகத்தில் ஆண்டு முழுக்கப் போனால் 7.6 லட்சம் டன். அந்த 'போனால்' என்ற சொல்லை விட்டுவிட்டுத்தான் செய்திகளில் இது சுற்றுகிறது. ஒரு நாள், ஒரு நேரத்து அளவு அது. 2010 மே மாதம் இதே ராஸ்பாட்ஸ்காயாவில் நடந்த வெடிவிபத்தில் 91 பேர் இறந்தார்கள். வாயு அதிகம் என்பதில் யாருக்கும் ஐயம் இல்லை, ஆண்டுக் கணக்கு எவ்வளவு என்பதில்தான் ஐயம்.

உலகக் கணக்கின் பாதிக்கு மேல் சீனாவைப் பொறுத்தது. உலகத்தின் நிலக்கரியில் பாதிக்கு மேல் அங்கேதான் வெட்டப்படுகிறது, அதிலும் பெரும்பகுதி நிலத்தடியில். முன்பெல்லாம் உலக அளவிலான வரைபடங்களைத் தயாரித்தவர்கள் உற்பத்தி எங்கே அதிகமோ அங்கே மீத்தேனைக் குவித்துவிட்டார்கள். அதனால் ஷான்சி மாநிலம் பெரிதாகத் தெரிந்தது. பிறகு 10,000-க்கு மேற்பட்ட சுரங்கங்களின் இருப்பிடத்தை வைத்துக் கணக்கிட்டபோது, குய்ச்சோ போன்ற தென்மேற்கு மாநிலங்களின் சிறிய, ஆனால் வாயு மிகுந்த சுரங்கங்கள் எவ்வளவு விட்டுப்போயிருந்தன என்பது தெரிந்தது. கொள்கையும் குழப்பியது. சுரங்கத்திலிருந்து வாயுவை உறிஞ்சி எடுக்கும் வடிகால் குழாயில் வரும் வாயுவில் 30 சதவீதமோ அதற்கு மேலோ மீத்தேன் இருந்தால் காற்றில் விடக்கூடாது என்று 2008-இல் விதி வைத்தார்கள். காற்றைக் கலந்து 30-க்குக் கீழே இறக்கிவிட்டால் விதி பொருந்தாது. அப்படிச் செய்ய விதியே தூண்டியது என்று ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டினார்கள். ஸ்காட் மில்லர் குழுவினர் ஜப்பானின் கோசாட் செயற்கைக்கோள் தரவை வைத்து, 2010-இலிருந்து 2015 வரை சீனாவின் மீத்தேன் ஆண்டுக்கு சுமார் 11 லட்சம் டன் வீதம் கூடிக்கொண்டே போனது என்று 2019-இல் காட்டினார்கள். இப்போது அந்த வரம்பை 8 சதவீதமாக இறக்கியிருக்கிறார்கள். தாமதம்தான், ஆனாலும் நல்ல விதி.

மூடிய சுரங்கங்களைப் பற்றி ஒரு வார்த்தை. பிரிட்டனின் கடைசி ஆழ்சுரங்கம் 2015 டிசம்பரில் மூடியது. அந்த நாட்டுப் பழைய சுரங்கங்களிலிருந்து இன்னும் மீத்தேனை உறிஞ்சி மின்சாரம் எடுக்கிறார்கள். நீர் நிரம்பினால் கசிவு நிற்கும், நிரம்பாவிட்டால் பல ஆண்டுகள் மெல்லக் கசியும். எது நிரம்பியிருக்கிறது, எது நிரம்பவில்லை என்ற பட்டியல் பெரும்பாலான நாடுகளில் இல்லை.

இனி இந்தியா. இங்கே ஒரு நல்ல விஷயத்தை முதலில் சொல்ல வேண்டும். நாம் வழிகாட்டியின் பொது எண்களை அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. தன்பாத்தில் உள்ள மத்திய சுரங்க, எரிபொருள் ஆய்வு நிறுவனம் நம் சுரங்கங்களுக்கு என்றே காரணிகளை உருவாக்கியது. பாதுகாப்பு விதிகளில் நிலத்தடிச் சுரங்கங்கள் ஏற்கனவே டிகிரி ஒன்று, இரண்டு, மூன்று என்று வாயு அளவை வைத்துப் பிரிக்கப்பட்டிருந்தன. அந்தப் பிரிவுகளுக்கு டன்னுக்கு 2.91, 13.08, 23.64 கன மீட்டர் என்று காரணி போட்டார்கள். பாதுகாப்புக்காக எடுத்த அளவீடு இங்கேயும் உமிழ்வுக் கணக்குக்குக் கைகொடுத்தது.

திறந்தவெளிக்கு? ஒரே எண், 1.18. வெட்டி எடுத்த பிறகு கசிவதற்கு 0.15. நெய்வேலியின் இளம் பழுப்பு நிலக்கரியில் வாயு மிகக் குறைவு. கிழக்கே ராணிகஞ்சிலும் ஜரியாவிலும் வாயு அதிகம். அடுக்குக்கு அடுக்கு மாறுவது டிகிரி பிரிவில் தெரிகிறது, திறந்தவெளியில் மறைந்துவிடுகிறது. இந்தியா நிலக்கரி உற்பத்தியில் 2024-25 நிதியாண்டில் முதல் முறையாக 100 கோடி டன்னைத் தாண்டியது. அதில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் திறந்தவெளியில் எடுத்தது. 100 கோடியை 1.18-ஆல் பெருக்கி எடைக்கு மாற்றினால் 7.9 லட்சம் டன் மீத்தேன். நம் நிலக்கரி மீத்தேன் கணக்கின் பெரும்பகுதி அந்த ஒரு தசம எண்ணில் தொங்குகிறது. அது 2 ஆக இருந்தால் 13.4 லட்சம் டன், 0.6 ஆக இருந்தால் 4 லட்சம் டன். எது சரி என்று சுரங்கவாரியாகச் சொல்ல யாராலும் முடியாத நிலை. சுரங்கங்கள் ஆழமாகிக்கொண்டே போகின்றன என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மேலடுக்குகள் தீர்ந்தால் கீழே போகத்தானே வேண்டும்? கீழே போனால் வாயு கூடும், காரணி மட்டும் மாறாமல் நிற்கும்.

இதைச் சரிசெய்ய ராக்கெட் விட வேண்டாம். புதிய பகுதியில் சுரங்கம் திறக்கும் முன் துளையிட்டு நிலக்கரித் தண்டுகளை மேலே எடுக்கிறார்கள், அது வழக்கமான வேலை. அந்தத் தண்டை மேலே வந்த உடனே காற்றுப் புகாத உலோகக் குப்பியில் போட்டு மூடிவிட்டால், அது வெளியிடும் வாயுவை நாள்கணக்கில் அளந்து குறித்துக்கொண்டே வரலாம். தண்டு துளையிலிருந்து மேலேறும் நேரத்தில் போய்விட்ட வாயுவும் உண்டு. குப்பியில் முதல் சில மணி நேரத்தில் வந்த வாயுவை நேரத்தின் வர்க்கமூலத்துக்கு எதிரே வரைபடமாகப் போட்டால் கோடு ஏறக்குறைய நேராக வரும். அதைப் பின்னோக்கி நீட்டி, போனது எவ்வளவு என்று மதிப்பிடுவார்கள். கடைசியில் நிலக்கரியை அரைத்துத் தூளாக்கினால், உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கும் மிச்ச வாயுவும் வெளியே வரும். மூன்றையும் கூட்டினால் அந்த அடுக்கில் டன்னுக்கு எத்தனை கன மீட்டர் என்று தெரிந்துவிடும். சுரங்கத்துறைக்கு இது பல பத்தாண்டுப் பழைய நுட்பம். மேலே சொன்னபடி பக்கத்து அடுக்குகளின் பங்கையும் சேர்த்தாக வேண்டும், ஆனாலும் நாடு முழுமைக்கும் ஒரே எண் போடுவதைவிட இது எவ்வளவோ மேல்.

ராஞ்சியில் கோல் இந்தியாவின் திட்ட, வடிவமைப்பு நிறுவனமான சிஎம்பிடிஐ இருக்கிறது. ஆய்வுத் துளைகளை இடுவது அதன் வேலைகளில் ஒன்று. நிலக்கரிப் படுகை மீத்தேனுக்கான தகவல் மையமும் 2008-இலிருந்து அங்கேயே இருக்கிறது. ஜரியா பகுதியின் மூனிடி சுரங்கத்தில் அதே காலத்தில் மீத்தேனை முன்கூட்டியே எடுத்து மின்சாரம் தயாரித்துக் காட்டியும் இருக்கிறார்கள். ஆகவே ஆள் இல்லை, அறிவு இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. எனக்கு வேண்டியது இரண்டுதான். 100 மீட்டருக்குக் கீழே போகும் ஒவ்வொரு திறந்தவெளிச் சுரங்கத்திலும் குப்பிச் சோதனையைக் கட்டாயமாக்க வேண்டும். முடிவைச் சுரங்கத்தின் பெயரோடு வெளியிட வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் கொண்டுவந்த மீத்தேன் விதி, ஷாஃப்ட்டுகளில் இடைவிடாத அளவீடு, திறந்தவெளிக்கு அந்தந்தப் படுகைக்கான காரணி என்று கேட்கிறது. வெளியிலிருந்து நிலக்கரி வாங்குபவர்களும் அளவீட்டு விவரம் காட்ட வேண்டும் என்கிறது. நம்மிடமும் யாராவது வெளியிலிருந்து கேட்கும் நாள் வரும். அதற்கு முன்பே, ஜரியாவிலும் சிங்ரௌலியிலும் எத்தனை டன் போகிறது என்று நாமே அளந்து வைத்திருந்தால், எந்தச் சுரங்கத்தில் முதலில் வாயுவை வடித்தெடுக்க வேண்டும் என்பதையாவது முடிவு செய்யலாம்.